நீலகேசியும் குண்டலகேசியும்: ஓர் ஒப்புநோக்கு

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசி பௌத்த நூல். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி சமண நூல். முன்னதற்கு மறுப்பாகப் பின்னது எழுந்தது என்பது தமிழ் பயின்றோர் யாவரும் அறிந்த செய்தி. ஆனால் இச்செய்தியே நீலகேசிக்கு ஒரு குறையாகவும் அமைந்துவிட்டது. 'எதிர்நூல்' என்னும் ஒற்றைச் சொல்லால் அதனை அறிமுகப்படுத்துவோர், ஒன்றைப் பார்த்து எழுதப்பட்ட மற்றொன்று என்ற எண்ணத்தைக் கற்போர் உள்ளத்தில் விதைத்துவிடுகின்றனர். பெயரில் ஒப்புமை, தலைவியில் ஒப்புமை, வாதம் புரியும் முறையில் ஒப்புமை என அடுக்கிக் காட்டி, நீலகேசிக்கெனத் தனித்த கருத்து இல்லை என முடிப்போரும் உளர்.

ஒப்புமை காண்பது ஆராய்ச்சியின் தொடக்கம், முடிவன்று. இரு நூல்கள் எங்கே ஒன்றுபோல் தோன்றுகின்றனவோ, அங்கேதான் அவை எப்படி வேறுபடுகின்றன என்பதும் தெளிவாக விளங்கும். அவ்வகையில் இவ்விரு தலைவியரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், நீலகேசி ஆசிரியர் பெயரறியாப் பெரும்புலவர் செய்த செயலின் அருமை புலப்படும்.

பத்திரையின் கதை

குண்டலகேசியின் வரலாறு தமிழகத்தில் பிறந்ததன்று. பௌத்தப் பெண் துறவியரின் பாடல்களைக் கொண்ட தேரீகாதை என்னும் பாலி நூலில் பத்தா குண்டலகேசி பாடியனவாக ஐந்து பாடல்கள் உள்ளன. அந்நூலின் உரை அவளது கதையை விரித்துரைக்கிறது. இராசகிருக நகரத்துப் பெருஞ்செல்வர் ஒருவரின் மகள் அவள். கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லப்பட்ட சத்துகன் என்னும் கள்வனை மாடத்திலிருந்து கண்டு காதல் கொள்கிறாள். தந்தை பொருள் கொடுத்து அவனை மீட்டு மணம் முடித்து வைக்கிறார். அணிகலன்களின்மேல் ஆசை கொண்ட அக்கள்வன் அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முற்படுகிறான். அவள் இறுதியாக ஒருமுறை தழுவ வேண்டுமெனக் கேட்டு, அவனையே கீழே தள்ளிவிடுகிறாள்.

தமிழ்க் குண்டலகேசியின் கதையும் பெரும்பாலும் இதுவே. பத்திரை என்பது அவள் இயற்பெயர். கணவன் பெயர் காளன். ஓர் இடத்தில் மட்டும் கதை திரும்புகிறது. தமிழ் மரபில் காளனைத் தூண்டியது பொருளாசையன்று. ஊடலின்போது பத்திரை விளையாட்டாக அவனைக் கள்வன் எனச் சுட்டிவிடுகிறாள். அச்சொல் அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கிக் கொலை எண்ணமாக முற்றுகிறது. அவளும் தழுவக் கேட்கவில்லை; கணவனை மும்முறை வலம் வந்து இறக்க விரும்புவதாகக் கூறி, வலம் வருகையில் தள்ளிவிடுகிறாள். பாலிக் கதையில் கொலைக்கு ஏதுவாக நின்றது உலோபம். தமிழ்க் கதையில் குரோதம். ஒரே நிகழ்ச்சி ஊர் மாறும்போது அதன் வேர் எப்படி மாறுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ்ச் சமணர் இக்கதையில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. கணவனைக் கொன்றபின் பத்தா முதலில் சேர்ந்தது பௌத்த சங்கத்தில் அன்று, நிகண்ட சங்கத்தில். அங்கே உலோச்சு முறைப்படி அவள் தலைமயிர் பறிக்கப்பட்டது. பின்னர் அது சுருள்சுருளாக வளர்ந்ததால்தான் 'சுருண்ட கூந்தலாள்' எனப் பொருள்படும் குண்டலகேசி என்னும் பெயர் ஏற்பட்டது என்று பாலி உரை கூறுகிறது. பௌத்த நூலின் புகழ்பெற்ற தலைவியின் பெயருக்கே காரணமாக அமைந்தது ஒரு சமணச் சடங்கு. வாதத்தில் வல்லவளாகி, ஊர்தோறும் மணற்குவியலில் நாவற்கிளையை நட்டு வாதுக்கு அறைகூவி வந்தவள், சாரிபுத்திரரிடம் தோற்றுப் பௌத்தத்தைத் தழுவினாள் என்பது அக்கதையின் முடிவு.

அஞ்சப்பட்ட ஒரு பெயர்

குண்டலகேசிக்கு விடையிறுக்க வந்த சமணப் புலவர் யாரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார் என்பது அடுத்த கேள்வி. சமணப் புராணங்களில் கற்பும் கல்வியும் நிறைந்த அரசியர் பலர் உளர். ஆரியாங்கனைகள் பலர் உளர். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளைப் போன்ற முன்மாதிரியும் தமிழிலேயே இருந்தது. அவர்களுள் ஒருவரை அவர் எடுக்கவில்லை. பழையனூர் நீலியை எடுத்தார்.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி, தமிழ் மக்கள் அஞ்சிய பேய். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனைத் தொடர்ந்து சென்று பழிதீர்த்த கதை நாட்டுப்புறப் பாடல்களில் இன்றும் வழங்குகிறது. கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரவையின் முன் அழுது, தன்னைக் கணவனோடு சேர்த்து வைக்குமாறு வேண்டினாள். அவள் கண்ணீரை நம்பிய வேளாளர் எழுபதின்மர் வணிகன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக்கினர். விடிந்தபோது வணிகன் இறந்து கிடந்தான். எழுபதின்மரும் தீப்பாய்ந்து தம் சொல்லைக் காத்தனர். பொய்யழுகையை 'நீலிக்கண்ணீர்' என்று தமிழர் கூறுவது இதனால்தான்.

இக்கதையும் குண்டலகேசி கதையும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக அமைந்தவை. அங்கே கொல்ல வந்த கணவனை மனைவி முந்திக்கொண்டு கொல்கிறாள். இங்கே கொல்லப்பட்ட மனைவி பேயாகி வந்து கணவனைக் கொல்கிறாள். இரண்டிலும் கொலைக்குக் கொலையே விடை. 'நீலி' என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர் உள்ளத்தில் எழும் அச்சத்தையும் ஐயத்தையும் நன்கறிந்தே, அப்பெயரைக் காப்பியப் புலவர் தம் நூலின் தலையில் வைத்தார்.

முனிசந்திரரின் முன்னிலையில்

காப்பியத்தின் முதற்பகுதியாகிய தருமவுரைச் சருக்கம் பாஞ்சால நாட்டில் தொடங்குகிறது. புண்டவருத்தன நகரின் அருகே பலாலயம் என்னும் சுடுகாடு. அதில் ஒரு காளி கோயில். முனிசந்திரர் என்னும் சமண முனிவர் அங்கே தங்கித் தவம் செய்கிறார். அரசி மகப்பேறு பெற்றதற்காகக் காளிக்குப் பலியிட ஆடுகளை ஓட்டி வருகின்றனர் மக்கள். முனிவர் அவர்களைத் தடுத்து, உயிருள்ள ஆட்டுக்கு மாறாக மண்ணால் செய்த ஆட்டுருவைத் தேவியின் முன் வைத்தால் போதும் என்று அறிவுறுத்துகிறார். மக்கள் உடன்படுகின்றனர். ஆடுகள் வீடு திரும்புகின்றன.

பலி இழந்த காளி சினம் கொள்கிறாள். ஆனால் முனிவரை அசைக்க அவளால் இயலவில்லை. ஆதலின் தென்னாட்டுப் பழையனூர் நீலியின் துணையை நாடுகிறாள். நீலி வந்து அச்சுறுத்தும் உருவங்கள் பலவற்றைக் காட்டுகிறாள். முனிவர் கலங்கவில்லை. பின்னர் அரசகுமாரியின் வடிவெடுத்து மயக்க முயல்கிறாள். வந்தவள் யார் என்பதை முனிவர் உணர்ந்துவிடுகிறார். பழையனூரில் எழுபதின்மரை வீழ்த்திய மாறுவேடம், இங்கே ஒரு முனிவரின் அமைதியின்முன் தோற்றுப்போகிறது.

இதன்பின் நிகழ்வதே நூலின் உயிர்நாடி. முனிவர் அவளைச் சபிக்கவில்லை, மந்திரத்தால் கட்டவில்லை, விரட்டவும் இல்லை. அவள் தன் உண்மையைத் தானே கூறி அறம் கேட்கிறாள், அவர் கற்பிக்கிறார். உயிர்ப்பலி உண்ட தெய்வம் கொல்லாமையின் மாணவியாகிறாள். பின்னர் அவ்வறத்தைப் பரப்ப நாடெங்கும் புறப்படுகிறாள். குண்டலகேசியின் மாற்றம் வாதத்தில் தோற்றதனால் வந்தது. நீலகேசியின் மாற்றமோ, தன்னை அஞ்சாத, தன்னை வெறுக்கவும் செய்யாத ஒருவரைக் கண்டதனால் வந்தது. இரு தலைவியருக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

மண்ணாடும் மாக்கோழியும்

இவ்விடத்தில் மற்றோர் ஒப்புமை நினைவுக்கு வருதல் இயல்பு. ஐஞ்சிறுகாப்பியங்களுள் மற்றொன்றாகிய யசோதர காவியத்திலும் பலிக்குரிய உயிருக்கு மாற்றாக ஓர் உருவம் வருகிறது. யசோதர மன்னன் தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி, உயிருள்ள கோழிக்கு மாறாக மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிடுகிறான். மண்ணாடு நல்வழி எனப் போற்றப்பட, மாக்கோழியோ மன்னனையும் தாயையும் பல பிறவிகளில் விலங்காகவும் பறவையாகவும் உழலச் செய்கிறது. மயிலாகவும் நாயாகவும் தொடங்கிய அத்துயரம், அபயருசி, அபயமதி என்னும் இரட்டையராக மனிதப்பிறவி எய்தும்வரை தொடர்கிறது.

மண் உயிரற்றது, மாவும் உயிரற்றது. ஒன்று அறமாகவும் மற்றொன்று பாவமாகவும் ஆனது எவ்வாறு? மேலோட்டமாக நோக்குவோர் இதனை முரண்பாடு என்பர். தமிழ்ச் சமண இல்லங்களில் சிறுவர்களும் எழுப்பக்கூடிய கேள்வி இது.

விடை செய்பொருளில் இல்லை. செய்வோர் உள்ளத்தில் உள்ளது. யசோதரன் மாக்கோழியைக் கோழியெனப் பாவித்து வாளால் வெட்டினான். கொலை நிகழாவிடினும் கொல்லும் எண்ணம் முழுமையாக நிகழ்ந்தது. புண்டவருத்தன மக்களோ கொல்ல வந்த எண்ணத்தைக் கைவிட்டு, ஆடுகளுக்கு அபயம் அளித்து, மண்ணுருவைக் காணிக்கையாக மட்டுமே வைத்தனர். அங்கே உருவம் கொலைக்கு நடிப்பாயிற்று. இங்கே உருவம் கொலைக்கு முடிவாயிற்று. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிரைப் போக்குதலோடு, கருத்தின்மையும் கசாயமும் கலந்த மனநிலையை ஏதுவாக வைத்தது இதனால்தான். திரவிய இம்சை, பாவ இம்சை என ஆசிரியர்கள் பகுத்துரைக்கும் நுட்பம், இவ்விரு காப்பிய நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தவுடன் எளிதில் விளங்கிவிடுகிறது.

கேட்டவளும் வாதித்தவளும்

சமயத் தத்துவங்களைப் பெண்ணின் வாயிலாகப் பேசுவித்தது தமிழ்க் காப்பியங்களின் தனிச்சிறப்பு. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அங்கே அவள் ஆண் துறவியின் வடிவில் நிற்கிறாள். பெரிதும் கேட்பவளாகவே இருக்கிறாள். குண்டலகேசி நாவற்கிளை நட்டு வாதுக்கு அழைக்கிறாள். நீலகேசியில் காம்பிலி நகரத்தில் இருவரும் எதிரெதிரே சந்திக்கின்றனர். பெண்ணும் பெண்ணும் அரசவையில் அளவை நூல் முறைப்படி வாதிடும் இத்தகைய காட்சி இலக்கியத்தில் அரிது.

நீலகேசி பத்துச் சருக்கங்களும் 894 பாடல்களும் கொண்டது. குண்டலகேசியை வென்றபின் அவள் ஆசிரியன் அருக்கச்சந்திரனையும், அதன்பின் மொக்கலனையும், பின்னர்ப் புத்தரையும் நாடி நீலகேசி செல்கிறாள். மாணவரிடம் வென்றது போதாது, கொள்கையின் மூலத்தையே ஆராய வேண்டும் என்பது அவள் நெறி. ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் ஆகியனவும் ஆராயப்படுகின்றன. வேதவாதச் சருக்கத்தில், பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை அவள் கடுமையாக மறுக்கிறாள்.

பௌத்தரோடு நிகழும் வாதங்களில் புலால் பற்றிய பகுதி சிறந்தது. தாம் கொல்லவில்லை, பிறர் கொன்றதை ஏற்கிறோம் என்ற விடையை நீலகேசி ஒப்பவில்லை. உண்போர் இருப்பதனாலேயே கொல்வோர் இருக்கின்றனர் என்பது அவள் கருத்து. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் கூறும் கருத்தோடு இது முற்றும் ஒத்தது. இவ்வொற்றுமை தற்செயலன்று, நீலகேசிக்கு உரை கண்ட சமய திவாகர வாமன முனிவர், திருக்குறளைத் தம் சமயத்தாரின் நூலாகவே குறிப்பிட்டுச் சான்று காட்டியுள்ளார்.

ஒரே காட்சி, இரு முடிவுகள்

எஞ்சியுள்ள குண்டலகேசிப் பாடல்களுள் ஒன்று தமிழ் பயின்றோர் பலர் அறிந்தது. குழவிப் பருவம் சாகிறது, பிள்ளைமை சாகிறது, இளமை சாகிறது, முதுமையும் சாகும். இவ்வாறு நாள்தோறும் இறந்துவரும் நாம் நமக்காக அழாதது ஏன் என்பது அதன் கருத்து. சமணர் நூலாகிய நாலடியாரும் செல்வம், இளமை, யாக்கை ஆகிய மூன்றன் நிலையாமைக்குத் தனித்தனி அதிகாரம் வகுத்தது. இரு சமயத்தாரும் கண்ட காட்சி ஒன்றே.

கண்டதிலிருந்து சென்றடைந்த முடிவுதான் வேறு. ஒவ்வொரு கணமும் யாவும் அழிகின்றன; நிலைத்த உயிர் என ஒன்று இல்லை என்றது பௌத்தம். அழிவன பரியாயங்களே, அவற்றைத் தாங்கும் திரவியம் அழிவதில்லை என்றது சமணம். பொற்காப்பை உருக்கி மோதிரமாக்கினால் காப்பு அழிந்தது, மோதிரம் பிறந்தது, பொன் நிலைத்தது. நீலகேசி எழுப்பும் வினா இதனை ஒட்டியதே: வினை செய்தவன் அக்கணமே அழிந்தான் எனின், பயனை நுகர்பவன் யார்? செய்தவனும் நுகர்பவனும் ஒருவனே என்று கொள்ளாவிடின், அறம் செய்க என்று எவரிடம் கூறுவது?

இவ்வினாவுக்குத் தலைவியின் வாழ்வே விடையாக அமைந்திருக்கிறது. பலியுண்ட நீலியும் அறம் உரைக்கும் நீலகேசியும் ஒருத்தியே. தன்மை மாறியது, உயிர் மாறவில்லை. ஒரே உயிர் தொடர்வதனால்தான் திருந்துதல் என்பதற்கே பொருள் உண்டு. பேயைத் தலைவியாக்கிய புலவரின் நுண்ணறிவு இங்கே முழுமையாக வெளிப்படுகிறது.

பூதவாதச் சருக்கத்தில் இது மேலும் விளங்கும். உயிர் என ஒன்று இல்லை, பூதங்களின் கூட்டமே உடல் என்று வாதிடும் பிசாசகன் முன்னிலையில், நீலகேசி தன் பழைய பேயுருவைக் காட்டுகிறாள். அவன் அஞ்சி நடுங்குகிறான். முதற்சருக்கத்தில் ஒரு முனிவரின் தவத்தைக் கெடுக்க எடுத்த உருவம், இறுதிச் சருக்கத்தில் உயிர் உண்டு என்பதை நிறுவும் சான்றாகப் பயன்படுகிறது. ஆற்றல் அதுவே; அதனைச் செலுத்தும் கருத்து மாறியது.

மறுத்த நூலே காத்த நூல்

குண்டலகேசி முழுமையாக இன்று இல்லை. கிடைத்துள்ளவை 19 பாடல்களே. அவை புறத்திரட்டிலும் உரைகளிலும் இருந்து திரட்டப்பட்டவை. அந்நூலின் கதையையும் வாதப்போக்கையும் அறிவதற்குத் தமிழறிஞர்கள் பெரிதும் சார்ந்து நிற்பது நீலகேசியையும் அதன் சமயதிவாகர உரையையுமே. மறுப்பதற்காக வாமன முனிவர் எடுத்துக்காட்டிய குண்டலகேசிப் பாடற்குறிப்புகளே, அந்நூலின் அமைப்பை ஊகிக்க இன்று துணை செய்கின்றன.

நீலகேசி நடுநிலை நூலன்று. தன் சமயத்தின் வெற்றியைக் கூற வந்த நூல். ஆயினும் எதிரியின் கூற்றை எடுத்து மொழிந்த பின்னரே மறுக்கும் ஒழுங்கை அது கைக்கொண்டது. அவ்வொழுங்கின் பயனாக, வென்றவள் நூலுக்குள்ளே தோற்றவள் வாழ்கிறாள். குண்டலகேசியைப் போற்றியிருக்க வேண்டிய பௌத்தக் குடும்பங்கள் தமிழகத்தில் அருகியபோது, அவள் நினைவு சமண இல்லங்களின் ஓலைச்சுவடிகளில் தங்கியது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டில் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தபோது, சமணத்தின் தருக்க நூல் ஒன்று அச்சேறியது. அதனோடு பௌத்தத்தின் இழந்த காப்பியம் ஒன்றின் சுவடும் அச்சேறியது.

எனவே நீலகேசியை 'எதிர்நூல்' என்ற சொல்லோடு நிறுத்துவது பொருந்தாது. பாலியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதையையும், பழையனூரில் வழங்கிய ஒரு பேயின் கதையையும் எதிரெதிரே வைத்து, கொலைக்குக் கொலை விடையன்று என்பதை நிறுவிய நூல் அது. தமிழர் அஞ்சிய பெயரை அறத்தின் பெயராக மாற்றிய துணிவு, கொல்லாமையின்மீது அப்புலவர் கொண்ட நம்பிக்கையிலிருந்து பிறந்தது. மாறமுடியாத உயிர் என ஒன்று இல்லை என்பதே அந்நம்பிக்கை.

ஆகாரம், ஔஷதம், அபயம், சாத்திரம் எனச் சமணர் போற்றும் தானங்கள் நான்கு. நீலகேசி அபயதானத்தில் தொடங்குகிறது. பலிக்கு வந்த ஆடுகள் வீடு திரும்புகின்றன. அந்நூலை ஏடு ஏடாகப் படியெடுத்துக் காத்த முன்னோர் செய்தது சாத்திரதானம். அதில் மாற்றுச் சமயத்தாரின் நூலுக்கும் பங்கு கிடைத்தது. திருவிழா நாள்களில் இல்லங்கள்தோறும் தருமவுரைச் சருக்கத்தையாவது பெரியோர் எடுத்து வாசித்து, மண்ணாட்டுக்கும் மாக்கோழிக்கும் உள்ள வேற்றுமையை இளையோருக்கு விளக்கிக் கூறுவாராயின், அத்தானம் இடையறாது தொடரும்.